“இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா வெடிச்சிருக்கும்”

நீளமான இழை இது. வயிறு இருக்கிற எல்லாருக்கும் பொருந்தும், அதனால பொறுமையா படிங்க.

நம்ம நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் குடல்வால் ஆபரேஷன் ஆன யாரையாவது விசாரிச்சுப் பாருங்க. தலைப்புல இருக்கிற வசனத்தைத்தான் சொல்வாங்க. “டாக்டர் சொன்னாருங்க, இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா உள்ளேயே வெடிச்சிருக்குமாம்.” ராத்திரி பதினொரு மணிக்கு, ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு கையிலும் பேனாவை இன்னொரு கையிலும் கொடுத்துட்டு இந்த வசனத்தைச் சொன்னா, எந்த அப்பா யோசிப்பார்? எந்த அம்மா கேள்வி கேட்பாங்க? தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும், பையன் தியேட்டருக்குப் போவான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வாட்ஸாப். “குடல்வாலுக்கு இனி ஆபரேஷனே தேவையில்லை, சீனாவில் கேமரா விட்டே சரி பண்றாங்க, நம்ம டாக்டருங்க மறைக்கறாங்க” என்று ஒரு குரல். அதுக்குக் கீழேயே விளக்கெண்ணெய் வைத்தியம்.

ரெண்டு கூட்டத்து மேலயும் எனக்குக் கோபம் உண்டு. நான் சர்ஜன் இல்லை. எம்பிபிஎஸ் படிச்ச அரசு மருத்துவமனை டாக்டர். வயித்து வலின்னு ராத்திரி அவசரப் பிரிவுக்கு வர்ற ஆளை முதல்ல தொட்டுப் பார்க்கிறது என்னை மாதிரி ஆளுங்கதான். அந்த இடத்துல நின்னுதான் இதை எழுதறேன்.

முதல்ல அந்த அரை மணி நேரக் கதையை முடிச்சுடலாம்.

பின்லாந்திலும் நார்வேயிலும் ஒரு ஆய்வு செஞ்சாங்க. சிக்கல் இல்லாத குடல்வால் அழற்சின்னு தெரிஞ்ச 1,800 பேருக்கு மேல எடுத்து, ஒரு பாதிக்கு 8 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், மறு பாதிக்கு 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன். 2023-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. சீக்கிரம் செஞ்ச கூட்டத்தில் ஓட்டை விழுந்தது 8 சதவீதம் பேருக்கு. காத்திருந்த கூட்டத்தில் 9 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கவனமா படிங்க: சிக்கல் இல்லாத குடல்வாலுக்கு மட்டும். ஏற்கெனவே ஓட்டை விழுந்தவர், சீழ் கட்டினவர், வயிறு பலகை மாதிரி இறுகிப்போனவர் இந்தக் கணக்கில் வரமாட்டாங்க. அவங்களுக்கு அவசரம் உண்மையான அவசரம். ஆனா சாதாரணமா நடந்து வந்து, மெல்லிய காய்ச்சலோட வலது கீழ் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு, ஆஸ்பத்திரியில படுக்க வச்சு மருந்து கொடுத்துக் கவனிச்சுக்கிட்டே காலை வரைக்கும் யோசிக்க நேரம் இருக்கு. அந்த நேரத்தைத்தான் உங்ககிட்டருந்து பறிக்கிறாங்க.

ஏன் பறிக்கிறாங்கன்னு கேட்டா, காலையில நீங்க வேற டாக்டர்கிட்ட போய்க் கேட்டுடுவீங்க. கத்தி வச்சா பில். காத்திருந்தா வெறும் பெட் வாடகை. இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

சரி, சீனா கதைக்கு வருவோம். அது பொய் இல்லை. பாதி உண்மை.

குடல்வால் என்பது பெருங்குடலின் ஆரம்பப் பையில் ஒட்டிக்கிட்டிருக்கிற, சுண்டுவிரல் அளவு ஒரு குழாய். ஒரு பக்கம் மட்டும்தான் வாய். அந்த வாயை மலக்கல்லோ, வீங்கின நிணத்திசுவோ அடைச்சுக்கிட்டா உள்ளே சுரக்கிறது வெளியே வர வழியில்லை. அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் குறையும், கிருமி பெருகும், சுவர் அழுகும், கடைசியில் ஓட்டை. 1886-ல் பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்ற மருத்துவர் இந்த நோய்க்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பேர் வச்சு, “சீக்கிரம் எடுத்துடுங்க” என்று எழுதினார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம், சி.டி. ஸ்கேன் இல்லாத காலம். அப்போ அது சரி. லட்சக்கணக்கான உயிரை அந்த வாக்கியம் காப்பாத்தியிருக்கு.

இப்போ யோசிங்க. பித்தக்குழாயில் கல் அடைச்சு சீழ் பிடிச்சா நாம என்ன செய்யறோம்? வாய் வழியா எண்டோஸ்கோப் விட்டு, அடைப்பை எடுத்து, சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒண்ணை வச்சு அழுத்தத்தை இறக்கறோம். ஈ.ஆர்.சி.பி. என்று கேள்விப்பட்டிருப்பீங்க. லியு பிங்ரோங் என்ற சீன மருத்துவரும் அவர் குழுவும் குடல்வாலிலும் அதையே செஞ்சு பார்த்தாங்க. 2012-ல் முதல் அறிக்கை வந்தது. ஆங்கிலச் சுருக்கம் ஈராட்.

ஆசனவாய் வழியா கொலோனோஸ்கோப் போகுது. பெருங்குடல் முழுக்கக் கடந்து, குடல்வாலின் வாயைக் கண்டுபிடிக்கணும். மெல்லிய கம்பியை உள்ளே நுழைச்சு, அதன் மேல குழாயை ஏத்தி, சீழை உறிஞ்சி எடுக்கறாங்க. சாயம் செலுத்தி எக்ஸ்ரே திரையில் பார்த்து, கல் எங்கே இருக்கு, சுவர் உடைஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்கறாங்க. கல்லை இழுத்துப் போட்டு, உப்புத் தண்ணியில் கழுவி, தேவைப்பட்டா ஒரு ஸ்டென்ட் வச்சு வெளியே வந்துடறாங்க. வயித்தில் தையல் இல்லை. அடைப்பு போனதும் பலருக்கு வலி மளமளன்னு இறங்குது. படிக்கும்போது எனக்கே அழகான யோசனையாத்தான் பட்டது. நோயோட மூலகாரணம் அடைப்பு, அந்த அடைப்பையே போய்த் தொடற வைத்தியம் இது.

அப்போ ஏன் நம்ம ஊர்ல இல்லை? யாரோ மறைக்கிறதால இல்லைங்க.

இதுவரை வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான். பல ஆய்வுகள் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டி எழுதினவை. சின்ன எண்ணிக்கை, கொஞ்ச காலக் கண்காணிப்பு. வேற நாடுகள்ல, வேற கைகள்ல, பெரிய அளவுல சீட்டுப் போட்டுப் பிரிச்சு நிரூபிக்கிற வேலை இன்னும் பாக்கி. அதோட வீங்கிப் போன குடல்வாலின் வாய்க்குள்ள கம்பி நுழைக்கிறது எல்லா எண்டோஸ்கோப்பி நிபுணருக்கும் கைவந்த வேலை இல்லை. நல்லா பழகின கை வேணும், எக்ஸ்ரே வசதி உள்ள அறை வேணும், ஏதாவது தப்பினா உடனே வயித்தைத் திறக்க சர்ஜன் பக்கத்துல வேணும். இந்த மூணும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மாவட்டத் தலைநகரில் ஒண்ணா கிடைக்குமான்னு நீங்களே சொல்லுங்க. நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியே 2022-ல்தான் வந்தது.

ஆக, “ஈராட் பண்ணுங்க, இல்லாட்டி ஆபரேஷனுக்கு ஒத்துக்கமாட்டேன்”னு வீட்டுல படுத்துக்காதீங்க. அந்த வீடியோவை ஃபார்வர்ட் பண்றவங்க உங்க குடல்வாலுக்குப் பொறுப்பேத்துக்க வரமாட்டாங்க.

ஆனா கத்தி இல்லாத இன்னொரு வழி இருக்கு. அது நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலேயே, இன்னைக்கே இருக்கு. அதைப் பத்தி யாரும் உங்ககிட்ட சொல்றதில்லைங்கிறதுதான் என் சண்டையே.

ஆன்டிபயாடிக்.

புதுசு இல்லை இது. 1956-லேயே கோல்ட்ரே என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துக் குணமான குடல்வால் நோயாளிகளைப் பத்தி எழுதினார். மாசக்கணக்கில் கடலுக்கடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பல்களில் சர்ஜன் கிடையாது. அங்கேயும் மருந்தை வச்சுத்தான் சமாளிச்சிருக்காங்க. பின்லாந்தில் 530 பேரை வச்சு நடத்தின ஆய்வு 2015-ல் வந்தது. மருந்து மட்டும் எடுத்துக்கிட்டவங்கள்ல ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது 27 சதவீதம் பேருக்கு. அஞ்சு வருஷம் தொடர்ந்து பார்த்தப்போ, மறுபடி வந்தது 39 சதவீதம் பேருக்கு. அமெரிக்காவில் 25 ஆஸ்பத்திரிகளில் 1,552 பேரை வச்சு நடந்த கோடா ஆய்வு 2020-ல் வந்தது. மூணு மாசத்துல 29 சதவீதம் பேர் ஆபரேஷனுக்குப் போனாங்க, ரெண்டு வருஷத்துல 46 சதவீதம்.

இந்த எண்ணை எப்படி வேணும்னாலும் விற்கலாம். ஆபரேஷன் பண்ணச் சொல்றவர் “பாதிப் பேருக்குத் திரும்ப வருது பாருங்க”ம்பார். எதிர்க்கறவர் “பாதிப் பேருக்கு மேல கத்தி இல்லாமலே தப்பிச்சாங்க”ம்பார். ரெண்டும் ஒரே எண். அதை உங்க கையில் கொடுத்து, உங்க வாழ்க்கைக்கு எது ஒத்து வரும்னு கேட்கிறவர்தான் டாக்டர்.

ஏன்னா பதில் ஆளுக்கு ஆள் மாறும். நம்ம மாவட்டத்தையே எடுத்துக்குங்க.

திருச்செங்கோட்டுலேருந்து ரிக் வண்டியில மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னு போய் போர் போடற பையன். எட்டு மாசம் வீட்டுக்கே வரமாட்டான். அவனுக்கு மருந்து கொடுத்து அனுப்பி, பொட்டல் காட்டுல, பக்கத்து ஆஸ்பத்திரி 80 கிலோமீட்டர்னு இருக்கிற இடத்துல திரும்ப வலி வந்தா? அவன்கிட்ட நானே சொல்வேன்: தம்பி, ஆபரேஷனை முடிச்சுட்டே போ. லாரி டிரைவருக்கும் அதேதான். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவுக்கு மேல குடியிருக்கிற பெரியவருக்கும் அதேதான், ராத்திரி வலி திரும்பினா கீழே இறங்கறதே ஒரு போராட்டம்.

ஆனா பத்து நாள்ல பிளஸ் டூ பரீட்சை எழுதப் போற, நாமக்கல் டவுன்லேயே குடியிருக்கிற பொண்ணு? பள்ளிபாளையத்துல தறி ஓட்டறவர், ரெண்டு வாரம் பட்டறைக்குப் போகலைன்னா முன்பணம் கொடுத்த முதலாளிகிட்ட பதில் சொல்லணும்? ஏற்கெனவே இதய நோய் இருக்கு, மயக்க மருந்தே ரிஸ்க்னு இருக்கிறவர்? இவங்ககிட்ட மருந்து வழியைப் பத்திப் பேசாம இருக்கிறது அநியாயம். கோடா ஆய்விலேயே மருந்துப் பக்கம் போனவங்க வேலைக்குப் போகாம இருந்தது சராசரியா 5 நாளுக்குச் சற்று மேல், ஆபரேஷன் பக்கம் கிட்டத்தட்ட 9 நாள். தினக்கூலிக்கு அந்த நாலு நாள் என்னன்னு சம்பளக்காரங்களுக்குப் புரியாது.

யாருக்கு மருந்து வழி கூடாதுன்னும் சொல்லிடறேன், பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஓடிடாதீங்க. உள்ளே மலக்கல் இருந்தா தோல்வி ஜாஸ்தி. கோடாவில் மூணு மாசத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவங்க, கல் இருந்தவங்கள்ல 41 சதவீதம், இல்லாதவங்கள்ல 25. ஓட்டை, பரவின சீழ், ரத்த அழுத்தம் சரியறது, இதெல்லாம் இருந்தா பேச்சே இல்லை. கர்ப்பிணிகளை இந்த ஆய்வுகள்ல சேர்க்கவே இல்லை. நடுத்தர வயசைத் தாண்டினவங்களுக்கு அது வெறும் அழற்சியா, கட்டியா என்ற கேள்வியும் சேர்ந்து வரும். குழந்தைகள் விஷயத்தில் 2025-ல் லான்செட்டில் வந்த ஆய்வு, 936 குழந்தைகள்: மருந்துப் பக்கம் ஒரு வருஷத்துல 34 சதவீதம் தோல்வி, ஆபரேஷன் பக்கம் 7. பெத்தவங்க அதையும் கேட்டுக்கிட்டுத்தான் முடிவெடுக்கணும்.

அப்புறம், ஆன்டிபயாடிக்னா மெடிக்கல் ஷாப்புல வாங்கற ரெண்டு மாத்திரை இல்லைங்க. ஆஸ்பத்திரியில் படுத்து, நரம்பு வழியா மருந்து ஏத்தி, ஆறு மணிக்கொரு தடவை வயித்தைத் தொட்டுப் பார்த்து, தேறினப்புறம் மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பற வைத்தியம். இந்தியாவுல வயித்துக் கிருமிகள் பல பொது ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்கறதில்லைன்னு ஐ.சி.எம்.ஆர். அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்லிக்கிட்டிருக்கு. காய்ச்சலுக்கும் சளிக்கும் நாமளே கேட்டு வாங்கித் தின்னது ஒரு பக்கம், கோழித்தீவனத்துல கலந்தது இன்னொரு பக்கம். கோலிஸ்டின்னு கடைசி ஆயுதமா வச்சிருந்த மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2019-ல்தான் தடை போட்டது. முட்டை ஊர்க்காரங்க நாம, இதைத் தெரிஞ்சு வச்சிருக்கணும். பின்லாந்து எண்ணிக்கை நம்ம ஊர்ல அப்படியே பலிக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

இப்போ எனக்கு அதிகம் கோபம் வர்ற விஷயம்.

வலது பக்கம் வலிச்சாலே குடல்வால் இல்லை. சிறுநீர்க்குழாய்க் கல், சினைப்பைக் கட்டி, நீர்க்கடுப்பு, குடல் பக்கத்து நெறி வீக்கம், பூச்சி, ஏன், வெறும் மலச்சிக்கல் கூட இருக்கலாம். குழந்தை பெறும் வயசுப் பெண்களுக்குத்தான், எடுத்துப் பார்த்தா ஒண்ணுமே இல்லாத குடல்வால் ஜாஸ்தியா சிக்குதுன்னு உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்கள் சொல்லுது. நம்ம ஊர்ல இதுக்கு அழகா ஒரு பேரும் வச்சிருக்காங்க: “நாள்பட்ட குடல்வால்”. ஆறு மாசமா அப்பப்போ வலிக்குது, ஸ்கேன்ல “லேசான வீக்கம்”, எடுத்துடலாம்.

தறி ஓட்டற குடும்பத்துப் பொண்ணு ஒண்ணு, பத்தொன்பது வயசு, வயித்து வலின்னு எங்ககிட்ட வந்தது. வயித்துல ஏற்கெனவே குடல்வால் எடுத்த தழும்பு. “அதை எடுத்தும் அதே வலிதாங்க சார் இருக்குது” என்றாங்க அம்மா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செஞ்சது. பயாப்சி ரிப்போர்ட் எங்கம்மான்னு கேட்டேன். “அப்படின்னா என்னங்க?” வலிக்குக் காரணம் கடைசியில் சினைப்பை நீர்க்கட்டி. எடுத்த குடல்வால் நல்லா இருந்ததா, கெட்டிருந்ததா, இனி எந்தச் சாமிக்கும் தெரியாது. அந்தக் கடனுக்கு வட்டி மட்டும் இன்னும் போய்க்கிட்டிருக்கு.

இது ஒரே ஒரு உறுப்போட பிரச்சினை இல்லை. மகாராஷ்டிரத்து பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டற பெண்களுக்குக் கூட்டங்கூட்டமா கர்ப்பப்பை எடுத்தது 2019-ல் நாடே பார்த்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான்ல தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்கள் நடந்ததா தொடுத்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2023-ல் தீர்ப்பு வந்தது. ஏழைகளோட வயிறுன்னா இந்த நாட்டுல திறக்கிறது சுலபம்.

சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு: நோயாளியோட சம்மதம் செல்லணும்னா, என்ன சிகிச்சை, அதால என்ன பயன், முக்கியமான ஆபத்து என்ன, வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும், இதோட மாற்று வழி இருந்தா அது என்னன்னும் சொல்லியிருக்கணும். மாற்று வழி! அதைச் சொல்லாம “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்கிறது சம்மதம் இல்லை. இதுல அரசு ஆஸ்பத்திரியை நான் விட்டுடலை. எங்க வார்டுலேயும் விளக்கறதுக்கு நேரம் இல்லைங்கிறது ஒரு நிரந்தரச் சாக்கு. நேரம் இல்லைன்னா ஆள் போடணும். நான் அரசாங்கத்துகிட்ட கேட்கிறது ரெண்டே விஷயம். காப்பீட்டுத் திட்டத்துல குடல்வால் ஆபரேஷனுக்குப் பணம் கேட்டு வர்ற ஒவ்வொரு கோப்புலயும் பயாப்சி ரிப்போர்ட் கட்டாயமா இருக்கணும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், அது எங்களுதா இருந்தாலும், எடுத்ததுல எத்தனை குடல்வால் நல்லா இருந்ததுன்னு வருஷா வருஷம் வெளியிடணும். நேர்மையா செய்யற சர்ஜன் யாரும் இதுக்குப் பயப்படமாட்டார். எனக்குத் தெரிஞ்ச நல்ல சர்ஜன்கள் ஏற்கெனவே இப்படித்தான் செய்யறாங்க. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் இன்னைக்கும் பாதுகாப்பான, ஒரே தடவையில முடியற வைத்தியம். எனக்கு வந்தா நானே அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனா நான் தேர்ந்தெடுப்பேன், அதுதான் வித்தியாசம்.

வாட்ஸாப் வைத்தியத்துக்கும் ஒரு வார்த்தை. குடல்வால் வீங்கியிருக்கும்போது விளக்கெண்ணெய் குடிக்கிறது, குடல் தட்டறது, குழந்தைக்குத் தொக்கம் எடுக்கக் கூட்டிக்கிட்டுப் போறது, எல்லாமே விபரீதம். தொக்கம் எடுக்கிற பாட்டி மேல எனக்கு மரியாதை இல்லாம இல்லை, ஆனா அங்கே போற அரை நாள்லதான் பல குழந்தைக்கு நிலைமை முத்துது. இன்னொண்ணு: ரொம்ப வலிச்ச வயிறு திடீர்னு சும்மா விட்ட மாதிரி ஆகி, கொஞ்ச நேரத்துல வயிறு முழுக்க வலி பரவி இறுகிச்சுன்னா, அது குணம் இல்லை. வெடிச்சதோட அடையாளமா இருக்கலாம். அப்போ கூகுள் பார்க்காதீங்க, 108.

தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்சு வலது கீழ்ப்பக்கம் இறங்கற வலி, பசி செத்துப்போறது, வாந்தி, லேசான காய்ச்சல், இருமினா, வண்டி பள்ளத்துல இறங்கினா வலிக்கிறது. இது இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அங்கே போய்க் கேளுங்க: “ஓட்டை இருக்குங்களா? கல் இருக்குங்களா? ஸ்கேன்ல தெளிவா தெரியலைன்னா சி.டி. எடுக்கலாமாங்க? எங்களுக்கு மருந்து வழி பொருந்துமா, பொருந்தாதுன்னா ஏன்?” டாக்டர் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

ஆபரேஷன்தான்னு முடிவாச்சுன்னா, தையல் பிரிக்கப் போற அன்னைக்கு வெறும் கையோட திரும்பாதீங்க. எடுத்த குடல்வாலோட பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோட ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே வையுங்க.